வண்டியை விட்டு இறங்கக் கூடாது

இந்தக் காலத்து ஜனங்கள் புத்திமதி கேட்காமல் ஒன்றுக்குக்கூடப் போவதில்லை. எங்கே நிற்கலாம், எதைத் தின்னலாம், என்ன கலரில் சட்டை போடலாம், எல்லாவற்றையும் எவனாவது சொல்ல வேண்டும். சொல்கிறவன் எந்த ஊர், அவனுக்கு இதில் என்ன லாபம் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கழுத்தில் அட்டை தொங்கினால் போதும், வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். கேட்டுவிட்டு நன்றி வேறு சொல்கிறார்கள்.

அர்த்தநாரி புத்திமதிக் கூடத்தில் உட்கார்ந்து இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

விமானத்தை விட்டு இறங்குகிறவர்களை அந்த நாட்டில் முதலில் புத்திமதிக் கூடத்தில்தான் உட்கார வைப்பார்கள். சிங்கம் பார்க்க வந்தவன், யானை பார்க்க வந்தவன், மகனைத் தேடி வந்தவன், எல்லாருக்கும் ஒரே கூடம். "நான் விருந்தாளியா ஒறம்பரை வரலீங்க. சிங்கமெல்லாம் எனக்கு வேண்டாம். பையனக் கூட்டிக்கிட்டு இப்படியே திரும்பிருவேன்" என்று வாசலில் நின்றவனிடம் சொல்லிப் பார்த்தார். அவன் தலையாட்டிவிட்டு, சிங்கம் படம் போட்ட தொப்பி ஒன்றை அவர் தலையில் வைத்தான். அவர் அதைக் கழற்றி பெஞ்சில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

அவர் திருச்செங்கோட்டுப் பக்கம் மாட்டுத் தரகு செய்தவர். பள்ளிக்கூடம் இரண்டாவதோடு சரி. ஆனால் சந்தையில் அவரை ஏமாற்றி மாடு விற்றவன் கிடையாது. விற்கிறவன் பேச்சை அவர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். பார்த்த பிறகும் நம்ப மாட்டார்.

அவர் மகன் பொன்னரசு போர் வண்டியோடு இந்த நாட்டுக்கு வந்தான். பூமியில் குழாய் இறக்கித் தண்ணீர் எடுக்கிற வேலை. அந்தப் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. வந்த புதிதில் தினமும் போனில் பேசினான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசினான். அப்புறம் பேசவில்லை. அவன் அம்மா பாவாயி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "பையனோட வந்தா ஊட்டுக்கு வா. இல்லாட்டி அங்கயே இருந்துக்க" என்று புருஷனிடம் சொன்னாள். கட்டிய நாளிலிருந்து அவள் அவரை வா என்று சொன்னதில்லை. வாங்க என்றுதான் சொல்வாள். அதனால் அவர் விமானம் ஏறினார்.

கூடத்தின் உச்சியில் ஒலிபெருக்கி இருந்தது. புத்திமதி அவரவர் பாஷையில் வரும். அவருக்குத் தமிழில் வந்தது. கேள்விக்குப் பதில் மட்டும் அவர்கள் பாஷையில்தான். பதில் தமிழில் வேண்டுமென்றால் கேள்வியை அவர்கள் பாஷையில் கேட்க வேண்டும்.

"நீலச் சட்டை அணிய வேண்டாம். நீலத்துக்கு ஈ வரும்" என்றது ஒலிபெருக்கி.

முன் பெஞ்சில் ஒருவர் நீலச் சட்டையில் இருந்தார். அதுவரை கூடத்தில் ஒரு ஈ கிடையாது. சொல்லி முடித்ததும் வந்தன. முதலில் தோளில் உட்கார்ந்தன. பிறகு முதுகில். கொஞ்ச நேரத்தில் அங்கே ஆள் தெரியவில்லை, ஆள் அளவுக்கு ஈ தெரிந்தது. பக்கத்தில் இருந்த சம்சாரம் ஈக்களின் மடியில் கையை வைத்துக்கொண்டு, "சொன்னேன்ல, கேட்டீங்களா?" என்றாள்.

அர்த்தநாரிக்கு விளங்கிவிட்டது. இங்கே நடப்பதைப் பார்த்துப் புத்திமதி சொல்வதில்லை. புத்திமதி சொன்ன பிறகுதான் நடக்கிறது.

"பிளாஸ்டிக் பைக்கு நாட்டுக்குள் அனுமதி இல்லை" என்றது ஒலிபெருக்கி.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவருடைய கேரி பையிலிருந்து மாற்று வேட்டியையும் சட்டையையும் எடுத்து அவர் மடியில் வைத்தார்கள். கேரி பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்து நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். அது போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஜவுளிக்கடைப் பை. நல்ல பை.

"இந்த நாட்டில் பொழுது விடிந்த பிறகுதான் மணி தொடங்கும். உங்கள் ஏழு மணி எங்களுக்கு ஒரு மணி. மிச்சம் இருக்கும் ஆறு மணி நேரத்தை வாசலில் ஒப்படைக்கவும்."

வாசலில் ஒரு பெண் கூடையோடு நின்றாள். எல்லாரும் போட்டார்கள். அவரும் போட வேண்டியதாயிற்று. போட்டவுடன் வயிறு காலியானது. விமானத்தில் சாப்பிட்ட இட்லி அந்த ஆறு மணி நேரத்துக்குள் இருந்திருக்கிறது. "எப்பத் திருப்பிக் குடுப்பீங்க?" என்று கேட்டார். அவள் கூடையை மூடினாள்.

இனி ஒன்றும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தார். பெஞ்சுக்குத் திரும்பி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒலிபெருக்கி சொன்னது எதுவும் அவருக்குத் தெரியாது.

கூடத்துக்கு வெளியே நீண்ட நடை இருந்தது. அதன் கடைசியில் விசாரணைக் கவுண்டர் தெரிந்தது. அவர் வேகமாக நடந்தார். கவுண்டர் தள்ளிப் போனது. இன்னும் வேகமாக நடந்தார். நடையின் இரண்டு பக்கமும் புதிதாகக் கதவுகள் முளைத்தன. சுவரோரம் நின்ற காவல்காரன் கையை மெல்ல மெல்லத் தாழ்த்தி, துண்டைத் தாண்டிக் காதில் விழும்படி, "போலே போலே" என்றான்.

"எது போல?" என்றார் அர்த்தநாரி.

"போலே போலே."

"எது போலடா? சொல்லித் தொலை."

அவர் ஓடினார். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு ஆள் அவரை முந்திக்கொண்டு போனார். மூச்சு வாங்கியது. வேட்டி அவிழ்ந்தது. நின்று கட்டினார். கட்டி நிமிர்ந்தபோது கவுண்டர் வந்து அவர் நெஞ்சில் இடித்தது.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு பருத்த பெண் இருந்தாள். "மாமா ஸைனபு" என்று காவல்காரன் மரியாதையாகக் காட்டினான். பொம்பளையைப் போய் மாமா என்கிறானே என்று அர்த்தநாரிக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் காரியம் ஆக வேண்டும்.

"வணக்கமுங்க மாமா" என்றார். துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "என்ற பையனுங்க. பேரு பொன்னரசு. போர் வண்டியோட வந்தானுங்க. இங்கதான் இருக்கறானுங்களா?"

மாமா ஸைனபு மேசைக்கு அடியில் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். ஜன்னல் திரையை விலக்கிப் பின்னால் பார்த்தாள். திரும்பி வந்து, "ஹப்பானா" என்றாள்.

அப்பனா என்று கேட்டால் பெற்றவன் என்ன சொல்வான்?

"ஆமா" என்றார்.

அவள் முகம் மாறியது. எழுந்து நின்றாள். "ஆமா?"

"ஆமாங்க."

"ஆமா நினி?"

நீயா, நீயா என்று கேட்கிறாள். இத்தனை வயசான ஆளை நீ என்கிறாள். அதையும் பொறுத்துக்கொண்டு, "ஆமா, நானேதானுங்க" என்றார்.

மாமா ஸைனபு உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், பக்கத்துக் கவுண்டரில் இருந்த மீசைக்காரனிடம் விட்டாள். அவர் மகனைக் கேட்டார். மீசைக்காரன் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு "ஹப்பானா" என்றான். அவர் ஆமா என்றார். மீசைக்காரனுக்கு வேர்த்தது. அவன் அவரை அதற்கு அடுத்த கவுண்டருக்குக் கொண்டுபோனான். அங்கே ஒரு கண்ணாடிக்காரி தன் கைப்பைக்குள் தேடிவிட்டு அதையே சொன்னாள்.

அர்த்தநாரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கவுண்டரில் ஓங்கி அறைந்தார்.

"எத்தன பேருக்குச் சொல்றது? நாந்தான் அவனப் பெத்தவன்! வேணும்னா ஊருக்குப் போன் போட்டுக் கேளு! ஆமா! ஆமா! ஆமா!"

ஆபீஸ் அடங்கிப் போனது. அடித்துக்கொண்டிருந்த ஒரு டெலிபோன் தானே நிறுத்திக்கொண்டது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். மாமா ஸைனபு மேஜை மேல் இருந்த மணியைத் தட்டினாள். அவரை மரியாதையாக முதுகில் கை வைத்து வெளியே அழைத்துப்போய் ஒரு பச்சை ஜீப்பில் ஏற்றினார்கள்.

கத்தினால்தான் எந்த நாட்டிலும் வேலை நடக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஜீப்புக்கு மேலே கூரை இல்லை. ஓட்டுகிறவன் நெட்டையாக, சிவப்புப் போர்வை போர்த்தியிருந்தான். பின் ஸீட்டில் ஒரு அம்மாள், கழுத்தில் பைனாகுலரும் கேமராவும், மடியில் தண்ணீர் பாட்டிலுமாக இருந்தாள்.

"தமிழுங்களா ஐயா?" என்றாள். "நான் வசுமதி. ஈரோட்டுல டீச்சரா இருந்தேன். இவரு லெமயான். நம்ம டிரைவர்."

அர்த்தநாரிக்கு உயிர் வந்தது. "அம்மணி, நீங்க எப்ப இங்க வந்தீங்க?"

"வந்து நாளாச்சுங்க. இன்னும் இறங்கல."

"எங்கிருந்து எறங்கல?"

"வண்டிய விட்டுத்தான். இறங்கக் கூடாதுன்னு புத்திமதில சொன்னாங்களே. கேக்கலைங்களா?"

அவர் துண்டைப் பற்றிச் சொல்லவில்லை.

வசுமதி டீச்சர் வகுப்பில் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வண்டியும் அதில் இருக்கிற மனுஷரும் காட்டுக்கு ஒரே உடம்பு. வண்டிக்குள் இருக்கும் வரை ஒன்றும் ஆகாது. இறங்கினவன் அந்த உடம்பிலிருந்து உடைந்து போகிறான். உடைந்தது காட்டோடு சேர்த்தி. அதற்குப் பிறகு கிட்டே போகக் கூடாது, தீனி போடக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தள்ளி நின்று பார்க்கலாம். போட்டோ எடுக்கலாம்.

"அப்படி யாராச்சும் எறங்கியிருக்காங்களா?"

"எங்க வீட்டுக்காரர். தொப்பி பறந்துருச்சு, ஒரு நிமிஷம்னு இறங்கினாரு." அவள் பைனாகுலரை எடுத்துத் தூரத்தில் பார்த்தாள். "வரிக்குதிரைங்களோட இருக்குது. நல்லாத்தான் இருக்குது. சுகர்கூடக் கொறைஞ்சிருக்கும். புல்லுதானே."

"கட்டுன புருசன அது இதுங்கறீங்க?"

"இறங்கற வரைக்கும் அவருங்க. இறங்கிட்டா அதுங்க. இங்க அப்படித்தான் பேசணும்."

பைனாகுலரைக் கீழே வைக்கும் முன் காதோர முடியைச் சரி செய்துகொண்டாள்.

லெமயான் வண்டியைக் கிளப்பினான். திரும்பி அர்த்தநாரியைப் பார்த்துச் சிரித்தான். "சாவா?" என்றான்.

அர்த்தநாரி எட்டி அவன் போர்வையைப் பிடித்தார். "யாருடா? யாரு சாவு? என்ற பையனுக்கு என்ன ஆச்சு?"

"சாவா, சாவா" என்றான் லெமயான், இன்னும் சிரித்தபடி.

"சிரிச்சுக்கிட்டே சொல்றானே பாவி! டீச்சரம்மா, இவன் என்ன சொல்றான்னு கேளுங்க!"

"விடுங்க ஐயா, விடுங்க. சாவான்னா சரியான்னு அர்த்தம். போலாமான்னு கேக்கறாரு. அவ்வளவுதான்."

அவர் போர்வையை விட்டார். லெமயான் நீளமாக என்னவோ சொன்னான். அதில் ஆமா என்ற சொல் பல தடவை வந்தது. வசுமதி டீச்சர் கேட்டுக்கொண்டே வந்தவள் மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, ஆபீஸ்ல நீங்க என்ன கேட்டீங்க?"

"பையன் இருக்கறானான்னு கேட்டேன். அப்பனான்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்."

"அது அப்பனா இல்லீங்க. ஹப்பானா. அப்படின்னா இல்லைன்னு அர்த்தம்."

"என்ன இல்ல?"

"பையன் இல்லைன்னு சொல்லியிருக்காங்க."

ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அர்த்தநாரி கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கு நீங்க ஆமான்னு சொல்லியிருக்கீங்க. இவங்க பாஷையில ஆமான்னா அல்லதுன்னு அர்த்தம். இது இல்ல, அல்லது அதுங்கறோமே, அந்த அல்லது. பையன் இல்லைன்னாங்க. அல்லதுன்னு நீங்க சொன்னீங்க. அல்லது என்னன்னு அவங்க கேட்டிருப்பாங்க."

"நீ நீன்னு கேட்டா ஒருத்தி."

"நினி. என்னன்னு அர்த்தம்."

"நானேதான்னு சொன்னேன்."

"அது அவங்களுக்குப் புரிஞ்சிருக்காதுங்க." டீச்சர் பெருமூச்சு விட்டாள். "வந்தவங்க அல்லதுன்னு சொல்லிட்டா அத அந்தரத்துல விடக் கூடாதுங்கறது இவங்க மரியாதை. நீங்க ஒவ்வொரு கவுண்டரிலயும் சொல்லியிருக்கீங்க. கடைசியில கத்தி வேற சொல்லியிருக்கீங்க. இதுவரைக்கும் இப்படி யாரும் விடாப்பிடியா அல்லதுன்னு கேட்டதில்லையாம். ஆபீசே கலங்கிப் போச்சாம். எப்படியோ உங்க அல்லதுக்கு ஒண்ணத் தேடிப் புடிச்சிட்டாங்களாம். அதப் பாக்கத்தான் இப்பப் போறோம்."

வெயில் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒரு ஒட்டகச்சிவிங்கி மரத்தோடு நின்றது, மரத்தைவிட உயரமாக.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும் அம்மணி" என்றார் அர்த்தநாரி. "அப்பனான்னுதான் கேட்டாங்க. பெத்தவன் மூஞ்சியப் பாத்து இல்லைன்னு இவ்வளவு லேசா எவளாச்சும் சொல்லுவாளா? எங்க ஊர்ல ஒரு கன்னுக்குட்டி செத்தாக்கூட அப்படிச் சொல்ல மாட்டாங்க."

வசுமதி டீச்சர் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. யார் பிடித்த தண்ணீரோ.

பொட்டலின் நடுவே ஜீப் நின்றது. அங்கே ஒரு இரும்புக் குழாய் பூமியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் தானாக வழிந்து சிமெண்டுத் தொட்டிக்குப் போனது. போர் வண்டி இல்லை. ஆட்கள் இல்லை. குழாயின் மேல் திருநீற்றுப் பட்டை இருந்தது. கீழே குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று கருத்துக் காய்ந்து கிடந்தது.

அர்த்தநாரி வண்டியிலிருந்து அதையே பார்த்தார். பட்டை வலது பக்கம் தாழ்ந்திருந்தது. பொன்னரசு திருநீறு இட்டால் அப்படித்தான் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நெற்றியானாலும் சரி, வண்டியானாலும் சரி.

"இங்க வந்திருக்கறான்" என்றார். இந்த நாட்டில் அவர் நம்பிய ஒரே விஷயம் அது.

தொட்டியில் நிறைய மிருகங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் தனியாக, குழாய்க்குப் பக்கத்தில் நின்றது. முன்பக்கம் எருமை மாதிரி. பின்பக்கம் குதிரை மாதிரி. நீண்ட மூஞ்சி. தாடி. மிச்சம் மீதிகளை வைத்து அவசரத்தில் செய்து முடித்தது போல இருந்தது.

லெமயான் மோவாயால் அதைக் காட்டினான். "ஆமா" என்றான்.

"இதுதானாம்" என்றாள் டீச்சர். "உங்க அல்லது."

"மாட்டக் காட்டறீங்க."

"மாடு இல்லீங்க. வில்டபீஸ்ட்டுன்னு ஒரு காட்டு மிருகம்."

"எந்தச் சந்தையிலயும் இது வெலை போகாது. என்ற பையனக் காட்டச் சொல்லுங்க."

"அவன் வண்டிய விட்டு இறங்கினானாம் ஐயா."

"எதுக்கு எறங்கினான்? அவனுக்கு யாரும் சொல்லலையா?"

"எல்லாம் சொல்லியிருக்காங்க." டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போர் போடறவன் இறங்காம எப்படிங்க போடுவான்?"

போர் போடுவதை அர்த்தநாரி எத்தனையோ தோட்டங்களில் பார்த்திருக்கிறார். சேற்றில் முழங்கால் வரை நின்றுதான் குழாயைப் பிடிப்பார்கள். வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு எவனும் தண்ணீர் எடுத்ததில்லை.

லெமயான் ஏதோ கேட்டான்.

"ஏத்துக்கறீங்களான்னு கேக்கறாரு. ஏத்துக்கிட்டா இப்பவே ஊருக்குக் கூட்டிட்டுப் போலாமாம். ஆனா உள்ளூர் விமானம் சின்னது. மெத்துன்னு மடங்கற பையில அடங்கணும். சக்கரம் வெச்ச பெட்டி ஆகாது."

"ஏத்துக்கலைன்னா?"

டீச்சர் கேட்டாள். லெமயான் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு, "ஹப்பானா" என்றான்.

இந்தத் தடவை அது கேள்வி மாதிரி இல்லை. அர்த்தநாரி ஆமா என்று சொல்லவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு காலைத் தூக்கி ஜீப்பின் பக்கவாட்டுக்கு வெளியே போட்டார்.

"ஐயோ, இறங்காதீங்க ஐயா! கேளுங்க! உங்களக் கும்பிட்டுக்கறேன், இறங்காதீங்க!" டீச்சர் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"பல்லுப் பாக்காம நான் எதையும் ஏத்துக்கறதில்ல அம்மணி."

கால் தரையில் பட்டது. டீச்சர் சட்டையை விட்டாள். அவள் குரல் உடனே இறங்கிவிட்டது. "சத்தம் போடாதீங்க" என்று லெமயானிடம் சொன்னாள். "எவ்வளவு பக்கத்துல வந்திருக்குது பாருங்க." பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. தொட்டியை நோக்கி நடந்தார். மற்ற மிருகங்கள் விலகி இடம்விட்டன. தனியாக நின்றது மட்டும் நகரவில்லை.

தாடையைப் பிடித்து வாயைத் திறந்தார். பல் முளைத்து முடிந்துவிட்டது, தேயவில்லை. நல்ல வயசு. கழுத்தைத் தடவிச் சுழி பார்த்தார். தலை உச்சியில் இரட்டைச் சுழி. பொன்னரசுக்கும் இரட்டைச் சுழிதான். இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு பெண்டாட்டி என்று ஊரில் கேலி செய்வார்கள். ஆனால் இரட்டைச் சுழி எத்தனையோ மாட்டுக்கு இருக்கிறது.

பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். கெண்டைப் பக்கத்தில் மயிர் முளைக்காத வழவழப்பான இடம் ஒன்று இருந்தது. உள்ளங்கை அளவு. பொன்னரசு சின்ன வயசில் மோட்டார் பைக் சைலென்சரில் காலைச் சுட்டுக்கொண்டான். இதே இடம். இதே அளவு. அர்த்தநாரி அதன் மேல் விரலை வைத்து அழுத்தினார். தழும்பைக் காட்டி அவரிடம் எத்தனை பேர் மாடு விற்கப் பார்த்திருக்கிறார்கள். தழும்பு போடுவதற்கென்றே சந்தையில் ஆள் இருந்தான்.

"உங்கம்மா பேரு என்ன?" என்று கேட்டார்.

அது அவர் கண்ணைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தது.

"சொல்லு. ஒரே வார்த்தை. சொல்லிட்டா இப்பவே போயிரலாம். உங்கம்மா சோறு திங்கறதில்ல. சொல்லு சாமி. உங்கம்மா பேரு என்ன?"

அதன் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கடைசியாக ஒரு வழி இருந்தது. சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். இரண்டு பேர் கையின் மேலும் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பொன்னரசு அவர் மடியில் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டவன். அது வேறு யாருக்கும் இந்த நாட்டில் தெரியாது. அவர் குந்தி உட்கார்ந்தார். அதன் முன்னங்கால் குளம்பை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். துண்டால் மூடினார். அடியில் குளம்பின் இரண்டு பிளவையும் சேர்த்துப் பிடித்தார். வருகிறாயா என்று கேட்டார்.

துண்டு அசைந்தது. குளம்பு அவர் உள்ளங்கையை ஒருமுறை அழுத்திவிட்டுத் தளர்ந்தது.

கொடுக்கிற எண்ணம் இல்லை என்பதற்குச் சந்தையில் அப்படித்தான் அழுத்துவார்கள்.

அர்த்தநாரி துண்டுக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். பாவாயி நம்பிவிடுவாள். அவளுக்குச் சுழியும் வேண்டாம், பல்லும் வேண்டாம். இதை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், வா சாமி என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாள். சோறு பிசைந்து வைப்பாள். இவரையும் வாங்க என்பாள். யார் எதைச் சொன்னாலும் நம்புகிற ஜாதி அவள். ஒரு பையை விரித்தால் போதும்.

ஈ வந்து காலில் உட்கார்ந்தால் எந்த மாடும் குளம்பை அழுத்தத்தான் செய்யும்.

எழுந்தார். துண்டை உதறினார்.

"இது இல்ல" என்று ஜீப்பைப் பார்த்துச் சொன்னார். "கேக்குதா டீச்சரம்மா? இது என்ற பையன் இல்லன்னு அவங்கிட்டச் சொல்லுங்க. நான் அந்தப் பக்கம் போயித் தேடிப் பாக்கறேன்."

ஜீப்பிலிருந்து கிளிக் கிளிக் என்று கேமரா சத்தம் மட்டும் வந்தது.

"கத்துது பாருங்க" என்று டீச்சர் மெதுவாகச் சொல்வது கேட்டது. "பாவம், கெழடு. கூட்டத்த விட்டுப் பிரிஞ்சிருக்கும்போல."

லெமயான் வண்டியைத் திருப்பினான். டீச்சருக்கு வரிக்குதிரைகளைப் பார்க்கிற நேரம் ஆகியிருக்க வேண்டும். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்ச் சின்னதாகி, புழுதி மட்டும் மிஞ்சியது.

அர்த்தநாரி தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். புல் முழங்காலுக்கு வந்தது. பிறகு இடுப்புக்கு வந்தது. எங்கும் ஒரு வீடு இல்லை, ஒரு குன்று இல்லை. இவ்வளவு பெரிய நாட்டில் எங்காவது ஒரு போர் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் கேட்கும். கேட்டால் போய்விடலாம். வாயின் இரண்டு பக்கமும் கையைக் குவித்து முன்னால் பார்த்துக் கூப்பிட்டார்.

"பொன்னரசூ!"

பின்னாலிருந்து பதில் வந்தது. மூக்கால் இழுக்கிற, நீளமான சத்தம்.

அவர் திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டார். பின்னாலிருந்து மறுபடியும் வந்தது. கொஞ்சம் கிட்டத்தில்.

"கத்தறான் பாரு" என்றார் அர்த்தநாரி.

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கத்துது" என்று திருத்திச் சொல்லிவிட்டு, புல்லை விலக்கிக்கொண்டு போனார்.